துண்டுக்கு அடியில் ஒரு சத்தம்

ஒரு மனிதன் துண்டுக்குள் கையை விட்டால் அதற்குள் ஒரு விலை ஓடுகிறது என்றுதான் மஹபூப் பாஷாவுக்குத் தெரியும். வேறு எதுவும் இருக்கக்கூடும் என்று அவருடைய நாற்பத்து மூன்று வயதில் யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

மேல்விஷாரத்தில் அவருடைய அப்பா பச்சைத்தோல் தரகர். மண்டியில் தோலை விரித்துப் போட்டதும் விற்கிறவரும் வாங்குகிறவரும் கைகுலுக்குவது போலக் கையைப் பிடித்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். வாய், உங்கள் பக்கம் மழை உண்டா, மாப்பிள்ளை துபாயிலிருந்து வந்தாரா என்று ஊர்க்கதை பேசும். உள்ளே விரல்கள் பேரம் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, முழுக் கையைப் பிடித்தால் வேறு கணக்கு, ஒரு நெருக்கு நெருக்கினால் இன்னும் கொஞ்சம் ஏறி வா என்று அர்த்தம். சுற்றி நிற்கிற இருபது பேருக்கும் ஒன்றும் தெரியக்கூடாது என்பதற்குத்தான் அந்தத் துண்டு. பாஷாவுக்கு மட்டும் தெரிந்துவிடும். முழங்கை எவ்வளவு உயர்கிறது, தோள்பட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே உள்ளே என்ன விலை ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். இப்படியொரு கண்ணை வைத்துக்கொண்டு அவர் ஆம்பூரில் தோல் பதனிடுகிற நாலு ஷாப்புக்கு முதலாளியாகியிருக்கலாம். அவர் ஒரு அக்கார்டியன் வாங்கினார்.

அப்பாவுக்கு அது ஆறாத வருத்தம். பாஷா சமாதானம் சொல்லுவார்: பாட்டுக்கு வாத்தியம் அமைப்பதும் தரகுதான். எவன் எப்போது வாயைத் திறக்க வேண்டும், எவன் எப்போது மூட வேண்டும் என்று நடுவில் நின்று சொல்லுகிற வேலை. பத்துப் பேரும் ஒன்றாகக் கத்தினால் தோலும் விற்காது, பாட்டும் விற்காது. இதை அவர் தன் குழுவிலிருந்தவர்களுக்கும் வாரம் ஒரு முறையாவது சொல்லிவிடுவார். கிட்டார் வாசிக்கிற ஜார்ஜ் அதை உதட்டை அசைத்துக் கூடவே சொல்லிக் காட்டுகிற அளவுக்கு அது பழகிப்போயிருந்தது.

குழுவின் பெயர் குல்தஸ்தா இன்னிசைக் குழு. குல்தஸ்தா என்றால் பூங்கொத்து. வேலூரிலும் ஆம்பூரிலும் கல்யாண வரவேற்பு, ஆண்டுவிழா எது நடந்தாலும் மேடைக்குப் பின்னால் ஒரு நீலப் பலகை தொங்கும். அதில் குழுவின் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், 'நடத்துபவர்: மஹபூப் பாஷா' என்று இருக்கும். எழுத்தைச் சின்னதாக்கினால் பார்க்க நன்றாக இருக்கும் என்று பெயிண்டர் சொன்னான். பார்க்க நன்றாக இருப்பதற்காக யாராவது தன் பெயரைச் சின்னதாக்கிக்கொள்வார்களா என்று பாஷா கேட்டார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அந்தப் பலகைக்குக் கீழே ஒரு மிஷின் வந்து உட்கார்ந்தது.

ஆம்பூர்த் தோல் ஏற்றுமதிக்காரர் ஒருவருடைய மகன் ஜெர்மனிக் கண்காட்சிக்குப் போன இடத்தில் வாங்கிவந்த சிந்தசைசர் அது. இரண்டு மாதத்தில் அவனுக்கு அலுத்துவிட்டது, மிஷினும் பழுதாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் இருதயத் துடிப்பைக் கோடு போட்டுக் காட்டுகிற கருவிகளை ரிப்பேர் பார்க்கிற ஞானசீலனிடம் கொடுத்தனுப்பினான். ஞானசீலன் ஒரே வாரத்தில் சரிசெய்துவிட்டு ஆள் அனுப்பினார். வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. ரிப்பேருக்கு வந்த பொருள் இப்படித்தான் ரிப்பேர்க்காரரையும் கூட்டிக்கொண்டு குழுவுக்குள் வந்தது.

முப்பது வயதுகூட நிரம்பாத, ஒல்லியான, சட்டைப் பையில் எப்போதும் சின்ன ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கிற ஆள் ஞானசீலன். அம்மா சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்ததைக் கேட்டு வளர்ந்ததைத் தவிர சங்கீதம் என்று ஒன்றும் படித்தவரில்லை. மிஷினும் பார்க்கப் போனால் ஏழைதான். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்க முடியும். இரண்டு கட்டையை அமுக்கினால் ஒன்று பேசும், மற்றது ஊமை. ஆனால் முகம் முழுக்க இருபத்தேழு திருகுகள். அவற்றை இப்படியும் அப்படியும் திருகித்தான் ஒவ்வொரு சத்தத்தையும் உண்டாக்க வேண்டும். உண்டாக்கியதை ஞாபகம் வைத்துக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. ஒரு திருகு நகர்ந்தால் பழைய சத்தம் போனதுதான்.

பாஷா ஒரு நாள் மரியாதைக்குக் கேட்டு வைத்தார், இது என்னதான் செய்கிறது என்று.

"சத்தம் எப்படிப் பொறக்குது, எவ்ளோ நேரம் உயிரோட இருக்குது, எப்படிச் சாவுது, அவ்ளோதான் பாய்," என்றார் ஞானசீலன். "ஆஸ்பத்திரியில கோட்டைப் பாத்து ஆளைச் சொல்றோம். இங்க கோட்டை நாமளே போட்டுட்டு ஆளை வரவழைக்கிறோம்."

பச்சையப்பன் தபலாவிலிருந்து கையை எடுத்துவிட்டு அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். பாஷா இருபது வருஷமாகச் சொல்லிவருகிற தரகுப் பேச்சை இன்னொரு தடவை சொல் என்று அவன் கேட்டதே இல்லை. பாஷாவின் நெஞ்சில் முதல் கங்கு அன்று விழுந்தது.

அதை ஊதிப் பெரிதாக்க ஒரு கல்யாண வரவேற்பு வந்து சேர்ந்தது. பெண்ணின் அப்பா தலைமையாசிரியர். எந்தப் பாட்டானாலும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஆள் அனுப்புவதையே வேலையாக வைத்திருந்தவர். பாஷா அன்று ஒரு திட்டத்தோடு வந்திருந்தார். மூன்றாவது பாட்டின் நடுவில் தான் முஷ்டியைத் தூக்கி மடக்கினால் அத்தனை பேரும் சட்டென்று நிறுத்திவிட வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லி வைத்தார். ஞானசீலனிடம் மட்டும் சொல்லவில்லை. பாஸ் கிட்டார், தபலா, அக்கார்டியன் எல்லாம் விலகிக்கொண்டால் அந்த ஒற்றைச் சுர மிஷின் நடுத்தெருவில் அம்மணமாக நிற்கும்; கொசு மாதிரி ரீங்கரிக்கும்; சபை சிரிக்கும். சிரித்த பிறகு மிஷினை மறுபடியும் ரிப்பேருக்கு அனுப்பிவிடலாம்.

முஷ்டி உயர்ந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள். ஞானசீலன் அந்த நேரம் பார்த்துத் திருகு ஒன்றைத் திருப்பிக்கொண்டிருந்தார். சுற்றிலும் சத்தம் செத்துப்போனதும் நிமிர்ந்து பார்த்தார். தாளம் ஒரு சுற்று சுற்றிவரும் நேரம் மண்டபத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. பந்தியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் ஒரு கட்டையை அமுக்கினார்.

தோல் ஷாப்பில் ஈரத்தோலைப் போட்டுச் சுற்றவிடுகிற பெரிய மர டிரம், சுவருக்கு அந்தப் பக்கம் உருளும்போது காதுக்கு முன்னால் வயிற்றுக்குத் தெரியும். அப்படி அடியிலிருந்து கிளம்பியது அது. அப்புறம் கதவை யாரோ மெல்லத் திறந்துவிடுவது போல அந்த இருட்டுக்குள் வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது. மேலே மேலே ஏறி, பாட்டின் மெட்டைத் தொட்டு, அங்கேயே நின்றது. தலைமையாசிரியர் நாற்காலியை மேடைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். சாப்பிட்டவர்கள் கையைக் கழுவாமல் வந்து நின்றார்கள்.

வரவேற்பு முடிந்ததும் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: சீலன் சவுண்டு. அந்தச் சவுண்டுக்கு முன்னால் ஒரு நிசப்தம் இருந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், பாஷாவுக்கே அது ஞாபகமில்லை. அவர் காதிலும் அந்தச் சத்தம்தான் இருந்தது. தன் கையாலேயே பல்லக்கில் ஏற்றிவிட்டவனைத் தூக்கிச் சுமக்கிற எரிச்சலோடு வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு வந்த கோடையில்தான் துண்டு வந்தது. ஒத்திகை, லாங் பஜாரில் அருணகிரியின் செருப்புக்கடை மாடியில் நடக்கும். தகரக் கூரை, மூலையில் ஒரு ஸ்டாண்டு ஃபேன், சுற்றிலும் அட்டைப்பெட்டிகள், புதுத்தோல் வாசனை. ஞானசீலன் வந்து உட்கார்ந்ததும் மிஷினின் திருகுகள் மேல் ஒரு சிவப்புக் கட்டம் போட்ட துண்டைப் போர்த்துவார். அதற்கு அடியில் கையை விட்டுத் திருகுவார். திருகிக்கொண்டே வாய் பச்சையப்பனிடம் அவன் ஊர் அணைக்கட்டுப் பக்கம் மழை உண்டா என்று கேட்கும்.

பாஷா நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாளும் சாதுவாகத் தெரிந்த ஆள், பார்த்தால் மண்டியில் பிறந்த மாதிரி வேலை செய்கிறாரே. உள்ளே சரக்கு இருக்கிறது. இல்லாவிட்டால் எதற்குத் துண்டு?

இந்தச் சமயத்தில் அருணகிரி வாயைத் திறந்தார். அறுபது வயது, குடியாத்தத்திலிருந்து வெறுங்கையோடு வந்து லாங் பஜாரில் இரண்டு கடை வைத்தவர். வாடிக்கையாளர் விலை கேட்பதற்கு முன்னாலேயே குறைத்துக்கொடுத்துவிட்டதாகச் சத்தியம் செய்யக்கூடியவர். 'அன்னநடை' என்ற பெயரில் சொந்தமாகச் செருப்பு செய்து விற்கப்போகிறார். ரேடியோவில் அரை நிமிஷம் விளம்பரம். அதற்கு பாஷா போட்ட மெட்டு அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"தோலு ஒண்ணுதான் பாய். ஃபினிஷிங்குல தானே வெலை இருக்குது," என்றார். "மெட்டு உங்களுது, சரி. நீங்க ஒரு மாதிரி ஜோடிச்சுக் காட்டுங்க. சீலன் சாரு ஒரு மாதிரி ஜோடிச்சுக் காட்டட்டும். எது எனக்குப் புடிக்குதோ அவரு மெட்ராஸ் ஸ்டுடியோவுல குழுவை நடத்தட்டும்."

சீலன் சாரு. நேற்று வரைக்கும் ரிப்பேர்க்காரத் தம்பி. பாஷா சிரித்துத் தலையாட்டினார். ஸ்டுடியோவில் யார் நடுவில் நிற்கிறானோ, ஊருக்குத் திரும்பும்போது குழு அவனோடுதான் பஸ் ஏறும் என்று அவருக்குத் தெரியும். ஜார்ஜ் ஏற்கெனவே, பலகையில் இரண்டு பெயர் போட்டால் என்ன என்று பேச்சுவாக்கில் கேட்டு வைத்திருந்தான். இரண்டு பெயர் போட்டால் மேலே எது, கீழே எது என்று அடுத்த வாரம் கேட்பான்.

அன்றிலிருந்து பாஷா ஒத்திகையில் தன் நாற்காலியை மிஷினுக்கு வலது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்கார்டியன் மடியில்; கண் துண்டின் மேல். தோள் முன்னால் வந்தால் மேல் வரிசை. முழங்கை விலாவை ஒட்டினால் இடது ஓரம். மணிக்கட்டு புடைத்தால் கால் சுற்று. புடைத்து அடங்கினால் அரைச் சுற்று. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் இருபத்தேழு திருகுகளில் பத்தொன்பதைப் பிடித்துவிட்டார். மீதி எட்டும் அசைவதே இல்லை என்பது நான்காவது ஞாயிறு தெரிந்தது.

வீட்டிலும் கை சும்மா இருக்கவில்லை. ரேடியோத் திருகு, ஊறுகாய் ஜாடி மூடி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் கால் சுற்று, அரைச் சுற்று என்று பழகிப் பார்த்தார். மனைவி பில்கிஸ் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டே, வீட்டில் பேசுகிற உருதுவில் கேட்டாள், அந்தப் பிள்ளையிடம் வாயைத் திறந்து கேட்டால்தான் என்ன, சொல்ல மாட்டானா என்று.

துண்டுக்குள் என்ன விலை என்று கேட்டால் எந்த வியாபாரியாவது சொல்லுவானா என்றார் பாஷா.

அவன் எங்கே வியாபாரி என்றாள் பில்கிஸ். பாஷா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வருஷம் அவர் காதில் போட்டுக்கொள்ளாதவற்றில் அதுதான் மலிவாகக் கிடைத்த சரக்கு.

ஒரு புதன்கிழமை காலையில், ஞானசீலன் ஆஸ்பத்திரியில் இருக்கிற நேரமாகப் பார்த்து, பாஷா மாடிக்குப் போனார். துண்டை விலக்கினார். பத்தொன்பது திருகுகளையும் ஒவ்வொன்றாகத் தன் கணக்குப்படி வைத்தார். அடிக்கட்டையை அமுக்கினார். டிரம் உருண்டது. கதவு திறந்தது. வெளிச்சம் வந்தது. அப்படியே அதே சத்தம். வெற்று மாடியில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், ஒற்றை ஆளாக அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா இருந்திருந்தால் இந்தக் கண்ணையாவது மெச்சியிருப்பார் என்று நினைத்தார். அந்தப் பத்தொன்பதையும் மறுபடி கலைத்து வைத்துவிட்டு, துண்டைப் பழையபடி போர்த்திவிட்டு இறங்கினார்.

அந்த வாரம் முழுக்க அரை நிமிஷ விளம்பரத்துக்கு அவர் எழுதிய ஜோடிப்பைப் போல வாழ்நாளில் எழுதியதில்லை. மிஷின் சத்தத்துக்கு அடியில் பாஸ் கிட்டார். அதற்கு மேலே அக்கார்டியனில் நாலைந்து சுரத்தை ஒன்றாக அமுக்குகிற சுரக்கட்டு, நிறைய நிறைய. இரண்டு கிட்டார், தபலா, பாங்கோஸ், குழுவில் பாடுகிற சாராவின் குரலுக்குப் பின்னால் ஒரு முனகல். கிடைத்த வைரத்துக்குச் சுற்றிலும் தங்கம் கட்டாமல் யார் விடுவார்கள்? பூங்கொத்தில் இனி ஒரு பூ வைக்க இடமில்லை என்கிற அளவுக்கு நிரப்பினார்.

ஞாயிறு பிற்பகல். மாடியில் அனல். அருணகிரி வந்ததும் ஸ்டாண்டு ஃபேனைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் காற்று அவரைத் தாண்டி நேரே மிஷின் மேல் அடித்தது. முதலில் தான் காட்டுவதாக பாஷா சொன்னார். முதலில் விலை சொல்லுகிறவன் கைதான் மேலே என்பது அவர் கணக்கு.

அக்கார்டியனை, அதையும் வாசிக்கத் தெரிந்த ஜார்ஜிடம் கொடுத்துவிட்டு மிஷினுக்கு முன்னால் போய் நின்றார். எல்லோரும் பார்க்கத் துண்டைப் பிடுங்கி நாற்காலி மேல் போட்டார். எனக்கு ஒளிவுமறைவு இல்லை என்று அதற்கு அர்த்தம். பத்தொன்பது திருகுகளையும் தட்டுத் தடுமாறாமல் வரிசையாக வைத்தார். ஒரு கட்டையைத் தட்டிக் காட்டினார்.

பச்சையப்பன் ஞானசீலனைப் பார்த்தான். ஞானசீலன் முகத்தில் கோபம் வரும் என்று பாஷா காத்திருந்தார். அதற்காகத்தானே இத்தனையும். ஞானசீலன் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, அப்படியே வந்துடிச்சே பாய்," என்றார். "கேட்டிருந்தா எழுதியே குடுத்திருப்பேனே. நான் ரெண்டு மாசம் ராப்பகலா திருகித் திருகிக் கண்டுபுடிச்சது, நீங்க பாத்தே புடிச்சிட்டீங்களே."

ஒரு திருட்டைச் செய்துவிட்டு, பொருளின் சொந்தக்காரனே வாசல் வரை வந்து வழியனுப்பினால் திருடனுக்கு எப்படி இருக்கும்? பாஷா அவசரமாகக் கையசைத்துத் தாளத்தைத் தொடங்கிவைத்தார்.

வாசிக்க வாசிக்க ஒன்று புரிந்தது. அந்தச் சத்தத்தைக் காணவில்லை. விரல் கட்டையில் இருக்கிறது, மிஷின் பேசுகிறது, ஆனால் ஒரே தெருவில் ஒரே மாதிரிச் செருப்பை ஆறு கடையில் கூவி விற்பது போல, கிட்டாரும் அக்கார்டியனும் பாஸும் அது நிற்கிற இடத்திலேயே வந்து நின்று கூவின. அவர் ஒலியைக் கூட்டினார். ஜார்ஜும் கூட்டினான். போதாக்குறைக்கு, இரண்டாவது வரி வருவதற்குள் மிஷினின் சுருதி இறங்கத் தொடங்கியது. அக்கார்டியன் ஒரு பக்கம், மிஷின் ஒரு பக்கம். புளித்த பால் மாதிரி ஒரு சத்தம். சாரா பாடிக்கொண்டே முகத்தைச் சுளித்தாள். அரை நிமிஷம் முடிவதற்கு அரை நாள் ஆயிற்று.

அருணகிரி செருப்பின் அடியைத் தட்டிப் பார்ப்பவர் போல விரலால் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. வியாபாரி ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று பாஷாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"துண்டை எடுத்துட்டீங்க பாய், அதான்," என்றார் ஞானசீலன் தணிந்த குரலில். நாற்காலியிலிருந்து துண்டை எடுத்து மிஷின் மேல் போர்த்தினார். "உள்ள சூடு ஏறிப்போய் இருக்கும். ஃபேன் காத்து பட்டா சுருதி ஓடிடும். கொழந்தைக்குப் போர்த்தற மாதிரி போர்த்தியே வச்சிருக்கணும்."

"அதுக்குத்தான் துண்டா?"

"பின்ன எதுக்கு?"

நாலு ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஊறுகாய் ஜாடி மூடி, ஒரு புதன்கிழமைக் காலை எல்லாம் பாஷாவின் கண் முன்னால் வரிசையாக வந்து சலாம் வைத்துவிட்டுப் போயின.

ஞானசீலனுடைய முறை வந்தது. அவர் எதையும் எழுதி வரவில்லை. எல்லோரிடமும் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: சாரா பாடுகிறவரைக்கும் பாய் போட்ட மெட்டை மெல்ல வாசியுங்கள், 'அன்னநடை' என்கிற பெயர் வருவதற்கு முன்னால் அன்றைக்குக் கல்யாணத்தில் நிறுத்தினோமே, அதே மாதிரி நிறுத்திவிடுங்கள், ஒரு சுற்று சும்மா இருங்கள், அப்புறம் நான் மட்டும் வருகிறேன்.

பாஷா அக்கார்டியனை வாங்கி மாட்டிக்கொண்டார். நிறுத்தினார்கள். ஒரு சுற்று. கீழே லாங் பஜாரில் கைவண்டிக்காரன் வழி கேட்டுக் கத்துவது கேட்டது. அப்புறம் டிரம் உருண்டது. வேறு யாரும் நடுவில் இல்லாததால் அந்தக் கதவு சாவகாசமாக, முழுசாகத் திறந்தது. அந்த வெளிச்சத்துக்குள் சாரா செருப்பின் பெயரைச் சொன்னாள். செருப்பா அது, ராஜ்ஜியம் மாதிரி இருந்தது.

அருணகிரி ஃபேனை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"நடுவுல நிறுத்தினது இன்னா யோசனை? யாருது?"

"பாஷா பாயோடது முதலாளி," என்றார் ஞானசீலன். "அந்த ரிசப்ஷன்ல பண்ணாரு. எனக்கு முன்னாடியே சொல்லலை, அதான் அவ்ளோ நல்லா வந்துச்சு. நான் அப்படியே எடுத்துக்கிட்டேன். அவர்கிட்ட கேட்டுட்டு எடுத்திருக்கணும்."

எல்லோரும் பாஷாவைப் பார்த்தார்கள். அவனை அவமானப்படுத்தத்தான் அதைச் செய்தேன் என்று எந்த வாயால் சொல்ல முடியும்?

"ஆமா. என்னுதுதான்," என்றார்.

"அப்ப உங்க சாம்பிள்ல ஏன் போடலை?"

பாஷா அக்கார்டியனின் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார். அருணகிரி பேரம் முடிந்த தோரணையில் தன் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"சரக்கு உங்களுதா இருக்கலாம் பாய். கடையில எடுத்து வச்சவரு அவரு. மெட்ராஸ்ல சீலன் சாரே நடத்தட்டும். அந்த நிறுத்தத்துக்கு மட்டும் நீங்க கை காட்டுங்க."

போகக்கூடாது என்றுதான் பாஷா மூன்று நாள் நினைத்தார். நான்காம் நாள், தான் போகாவிட்டால் ஜார்ஜ் கை காட்டுவான் என்பது ஞாபகத்துக்கு வந்தது. போனார்.

ஸ்டுடியோவில் ஏ.சி. எப்போதும் ஒரே குளிர், ஃபேனும் இல்லை. ஞானசீலன் சிவப்புத் துண்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். இருபத்தேழு திருகுகளும் எல்லோரும் பார்க்க விரியத் திறந்து கிடந்தன. பாஷாவுக்கு அதைப் பார்க்க என்னவோ போலிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. சாரா பாடினாள். பாஷா முஷ்டியைத் தூக்கி மடக்கினார். எல்லாம் நின்றது. முஷ்டி திறந்தால் ஞானசீலன் வர வேண்டும். ஒரு சுற்று என்று பேச்சு.

ஒரு சுற்று முடிந்தது. பாஷா முஷ்டியைத் திறக்கவில்லை.

ஏன் என்று பிற்பாடு அவரே பலமுறை தன்னைக் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில் அவ்வளவு கௌரவமானதாக இல்லை. ஞானசீலன் பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டு கட்டையை அமுக்கிவிடுவார், ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை வீசி நிறுத்தச் சொல்வார், எல்லோர் முன்னாலும் யார் தப்பு என்று ஒரு தடவையாவது கேள்வி வரும். அவ்வளவுதான் ஆசை. ஒலிப்பதிவாளர் பாதி எழுந்துவிட்டார். அருணகிரி வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டார். ஞானசீலன் மட்டும் அசையவில்லை. பாயின் முஷ்டி மேல் கண்ணை வைத்துக்கொண்டு, விரல் கட்டைக்கு ஒரு நூல் மேலே நிற்க, தொழுகையில் நிற்கிறவர் போல நின்றார். அந்தக் கண்ணில் சந்தேகம் துளிகூட இல்லை. பாய்க்குத் தெரியும் என்கிற நம்பிக்கைதான் இருந்தது. இரண்டாவது சுற்றும் முடிந்தபோது பாஷாவுக்குக் கை வலித்தது. திறந்தார்.

டிரம் உருண்டது. இதற்கு முன்னால் இரண்டு தடவையும் இல்லாத மாதிரி உருண்டது.

மறுபடி போட்டுக் கேட்டபோது அருணகிரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு விநாடி சும்மா இருப்பதற்கு ரேடியோக்காரன் காசு வாங்காமல் விடுவானா என்று முணுமுணுத்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம், இருக்கட்டும் என்றார். ஞானசீலன் பாஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி பாய் உங்களுக்கு இதெல்லாம் தோணுது என்று கேட்டார். பாஷா கையை விடுவித்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். ஒரு மனிதனைக் கெடுக்க இரண்டு தடவை மனதார முயன்று, இரண்டு தடவையும் அவனுக்குக் கிரீடம் வைத்துவிட்டு வந்தால், மூன்றாவது தடவை முயல்வதற்கே பயமாக இருக்கும்.

விளம்பரம் எண்பத்து ஐந்தாம் வருஷம் தைப் பொங்கலுக்கு முன்னால் வரத் தொடங்கியது. காலை எட்டேகால் மணிச் சினிமாப் பாட்டுக்கு நடுவில். அன்று பாஷா லாங் பஜார் முனை டீக்கடையில் நின்றார். நீலப் பலகையில் அதற்குள் இரண்டு பெயர் ஆகியிருந்தது. மேலே எது என்று ஜார்ஜ் கேட்டான்; ஞானசீலன் பாய் பெயரைத்தான் மேலே போடச் சொன்னார். அவர் சொல்லிப் போட்டதாயிற்றே என்று பாஷாவுக்கு அதுவும் எரிந்தது.

சாராவின் குரல் வந்தது. டீ மாஸ்டர் கெங்கன் பாலை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய ரேடியோ வாரத்தில் மூன்று நாள் நின்றுவிடும். தலையில் ஒரு அடி போட்டால்தான் மறுபடி பேசும். மெட்டு சட்டென்று நின்றது. கடையில் பேச்சும் நின்றது. கெங்கன் குவளையை வைத்துவிட்டு ரேடியோவை அடிக்கக் கையை ஓங்கினான். ஓங்கிய கை அந்தரத்தில் இருக்கும்போது உள்ளேயிருந்து அந்த டிரம் உருளத் தொடங்கியது. கெங்கன் கையை இறக்க மறந்து அப்படியே நின்றான். பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரைப் பிடித்தபடி கழுத்தைத் திருப்பினார்கள். அன்னநடை என்றாள் சாரா.

"சீலன் சவுண்டு," என்றான் ஒருவன். "நம்ம ஆஸ்பத்திரி சீலன். இன்னா சவுண்டுடா."

கெங்கன் அப்போதுதான் கையை இறக்கினான்.

பாஷா டீயைக் கீழே வைத்தார். நெஞ்சில் கங்கு இருக்கிற இடத்தில்தான் இருந்தது. ஆனால் அவர் பார்த்தது கெங்கனுடைய கையை. அடிக்க ஓங்கி, அடிக்க முடியாமல், நாலு விநாடி அந்தரத்தில் நின்ற கை. அதைத் தூக்க வைத்தது எந்த மிஷினும் இல்லை, எந்தத் திருகும் இல்லை. அது யாருக்கும் தெரியாது. சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அவர் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை எட்டு பத்துக்கே வந்து, கெங்கனின் வலது கை நன்றாகத் தெரிகிற பக்கமாகப் பார்த்து நின்றுகொண்டு, ஒரு டீ சொன்னார்.